குறைந்த மின்னழுத்தத்தில் சுகிர்தா

கீழ்வீட்டு மென்பொருள்காரர் நேற்று காலை ஓர் அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். நாற்பதைத் தாண்டியவர். "சார், டியூப் ப்ரீஆம்ப் ஒண்ணு வாங்கிட்டேன். என் செட்டுக்கு இது சேருமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். வாங்கிய பிறகு கேட்பதுதான் இப்போதைய முறை போலிருக்கிறது.

சொன்னேன். கேட்டால் சொல்லாமல் விடுகிற ஆளா நான்? ப்ரீஆம்ப் என்பது பாட்டை நேராக ஒலிபெருக்கிக்குத் தள்ளுவதில்லை. பவர் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் முன் பதமாக்கித் தருகிறது. இதன் வெளியீட்டு மின்மறுப்பு, அதன் உள்ளீட்டு மின்மறுப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். பெருக்கமும் அளவோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டோடு இரைச்சலும் பெருகும். இப்படி அரை மணி நேரம். பிறகு அவர் சுவிட்சைப் போட்டார். டியூப் என்கிற கண்ணாடிக் குழல்கள் மெல்லச் சிவந்தன. சூடான தூசியின் வாசனை எழுந்தது. வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். நான் பாதிப் பேச்சில் குனிந்து அதை முகர்ந்துகொண்டிருந்தேன். பாவம், அவர் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வரும் பொருட்களைச் சோதிக்கும் பிரிவுக்கு நான் தலைவன். எங்கள் முத்திரை விழாமல் ஒரு போல்ட்டுகூட உள்ளே போகாது. குடியிருந்தது மூக்கண்டப்பள்ளியில். ஷிப்ட் முடிந்து வருகிற சைக்கிள்களும், மூன்று மொழியில் நடக்கிற குழாயடிச் சண்டையும் உள்ள தெரு. நான் தெற்கத்திக்காரன், என் மனைவி சுகிர்தா கிருஷ்ணகிரிக்காரி. அங்கே சபையின் பாடகர் குழுவில் சோப்ரானோ பாடியவள், அதாவது உச்சக் குரல். எனக்குக் கழுத்தை நீட்டுவதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் தனியாகப் பாடியதை யாரோ கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். எங்கள் கல்யாணச் சீரில் உருப்படியான பொருள் அதுதான்.

பிறகு தைராய்டு அறுவைச் சிகிச்சை வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குரலில் மேல்பாதி போய்விட்டது. மிஞ்சியது கரகரத்த, தாழ்ந்த குரல். பாடகர் குழுவை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் பாடும்போதும் வாயைத் திறக்காமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் அந்தக் கேசட்டைப் போட்டால் அடுப்படியில் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஊசி குத்தற மாதிரி இருக்குதுங்க. அது யாரோ ஒரு பொம்பள கத்தறா. என்னாத்துக்கு அதப் போட்டு உசுர வாங்கறீங்க?" என்றாள்.

வேறொரு கணவன் என்றால் மனைவியின் கையைப் பிடித்திருப்பான். நான் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன். பெங்களூரில் ஆசையாக வாங்கிய செட்; ஆனால் மேல் ஸ்வரங்களில் கொஞ்சம் கடுமைதான். அதன் முன்னால் ஒரு டியூப் ப்ரீஆம்ப் வைத்தால் குரல் இளகும், இளகினால் அவள் உட்கார்ந்து கேட்பாள் என்று முடிவு செய்தேன். அவள் தன் குரலோடு ஒரே அறையில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு நான் அறிந்த ஒரே வழி, தேர்வு நடைமுறை.

பராமரிப்புப் பிரிவில் முனிராஜு இருந்தார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னைக் கேலி செய்யத் தமிழ். பெங்களூரில் ஆடியோ கடை வைத்திருந்த தன் மைத்துனரிடமிருந்து இரண்டு ப்ரீஆம்ப்களைச் சோதித்துப் பார்க்க வாங்கிவந்தார். எது எதுவென்று தெரியாதபடி இரண்டையும் துணி போர்த்தி, 'அ', 'ஆ' என்று சீட்டு ஒட்டினேன். கேட்பவருக்கு முன்முடிவு இருக்கக் கூடாது பாருங்கள்.

சுகிர்தா வந்து பார்த்தாள். "என்னாங்க இது, பொண்ணு பாக்கறதுக்கா? முக்காடு போட்டு உக்கார வெச்சிருக்கீங்க?"

"மேடம், மாப்பிள்ளை இவருதான். பொண்ணு புடிக்கலன்னா காரணத்தோட எழுதிக் குடுக்கணும்" என்றார் முனிராஜு.

'அ'வுக்குப் பெருக்கம் அதிகம். கேசட்டின் இரைச்சல் அறையை நிறைத்தது. "மழ பேயுது, துணிய எடுக்கணும்" என்று எழுந்துவிட்டாள். கெஞ்சி உட்காரவைத்து 'ஆ'வைப் போட்டோம். குரல் வந்தது. அவள் புடவை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிகிறவரை எழவில்லை. முடிந்ததும், "இது பரவால்லங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் முனிராஜுவின் கையைக் குலுக்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கே, அறையின் குண்டு பல்பு மஞ்சளாகத் தூங்குவதைக் கவனித்துவிட்டேன். எங்கள் தெருவில் சாயங்காலமானால் மின்னழுத்தம் தரையைத் தொடும். டியூப்பைக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டக் கூடாது என்பது விதி. மறுநாளே ஸ்டெபிலைசர் வாங்கிப் பொருத்தினேன். கேசட்டைப் போட்டேன். இரண்டாவது வரியில் சுகிர்தா கறிவேப்பிலை பறிக்கப் போய்விட்டாள். அன்று சமையலில் கறிவேப்பிலை இல்லை.

"நேத்து நல்லாத்தான இருந்துச்சு? இன்னிக்கி என்னா நோண்டுனீங்க?"

முனிராஜுவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அது அரை வயித்துல ஓடுனதாலதான் சார் மெதுவா பேசியிருக்குது. நீங்க விருந்து போட்டு வெச்சுட்டீங்க."

"ஆனா அப்படி ஓட்டினா டியூப் சீக்கிரம் போயிருமே?"

"போனா போவுது. கேக்கற ஆளு உக்காந்திருக்கணுமா, டியூப் உக்காந்திருக்கணுமா?"

தொழிற்சாலையில் அளவு தவறிய பொருளைக் காரணம் காட்டி ஏற்றுக்கொள்ள 'விலகல் அனுமதி' என்று ஒன்று உண்டு. நான் அதைக் கொடுப்பவனே இல்லை என்று பெயர் வாங்கியவன். என் வாழ்நாளில் மனதாரக் கொடுத்த விலகல் அனுமதி அதுதான். ஸ்டெபிலைசர் குளிர்பதனப் பெட்டிக்குப் போயிற்று.

அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், தெருவில் மின்சாரம் சோர்ந்து போகிற வேளையில், கேசட்டைப் போடுவேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டு கேட்பாள். ஒரு நாள் பாட்டுக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது. எர்த் கோளாறு என்று நினைத்தேன். டியூப் கருவிகளில் அது வழக்கம். எழுந்துபோய் இடது ஒலிபெருக்கியில் காதை வைத்தேன். அங்கே இல்லை. வலதில் வைத்தேன். அங்கேயும் இல்லை. கேபிளைப் பிடித்தபடி திரும்பினால், சுகிர்தாவின் உதடுகள் மூடியிருந்தன. கழுத்துத் தழும்பு மட்டும் மெல்ல அசைந்தது. கேசட்டில் இருந்தவள் மேலே பாட, இவள் அதற்குக் கீழ்க்குரல் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஆல்டோ. குழுவில் இருந்த காலத்தில் அவள் ஒருநாளும் பாடியிராத பகுதி.

"என்னாங்க அப்படியே நிக்கறீங்க? ஒயர் கழண்டுருச்சா?"

"இல்ல. எல்லாம் சரியா இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டேன்.

பல வருடங்கள் அப்படிப் போயின. முனகல் வார்த்தைகளாயிற்று. கோயிலிலும் கடைசி வரிசையில் நின்று கீழ்க்குரலில் பாடத் தொடங்கினாள். என் கைபேசியில் பதிவு வசதி இருந்தது. எடுத்தால் நிறுத்திவிடுவாள் என்று தெரியும், எடுக்கவில்லை. இன்று நினைத்துப் பார்த்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

அந்தத் தெருவுக்குப் புது மின்மாற்றி வந்தது. சாயங்கால மஞ்சள் வெளிச்சம் ஒழிந்தது. முனிராஜு ஓய்வுபெற்று மகளோடு வெளியூர் போனார். போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் சுகிர்தா போய்ச் சேர்ந்தாள்.

கேசட் இன்னும் ஓடுகிறது. தெளிவாகவே ஓடுகிறது. ஆனால் அதில் பாடுகிறவள் என்னை இன்னும் சந்திக்காத ஒரு கிருஷ்ணகிரிப் பெண். என்னோடு சண்டை போட்ட, மழை பெய்கிறது என்று எழுந்துபோன, பூண்டு உரித்தபடி அந்தப் பெண்ணுக்கே துணைக்குரல் கொடுத்த அந்தக் கரகரப்பு எந்த நாடாவிலும் இல்லை. பாட்டைப் போடும்போது அது இருந்த இடத்தை மட்டும் கேட்க முடிகிறது.