தேசிக்காய் மேல் ஏறிய குதிரை

போன வருடம் கோடை தொடங்கிய நேரம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒஸ்லோவில் நடந்தது இது. நான் இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். நீளமான, சத்தமே போடாத மின்சார பஸ். வீட்டில் நிற்பதும் மின்சாரக் கார்தான். அது சத்தம் போடாது என்பதுதான் என் கணவருக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம். என்னிடம் அந்தக் குணம் இல்லையே என்ற கவலையும் அவருக்கு உண்டு.

சத்தம் என்றால் எங்கள் வீட்டில் அவ்வளவு பயம். எல்லிங்ஸ்ருட்டில் வரிசை வீடொன்றில் இருக்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் நோர்வேக்காரர்கள். வந்த புதிதில் யாராவது முறைப்பாடு சொல்லிவிடுவார்களோ என்று பிடித்த பயம், பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் போகவில்லை. காலையில் சம்பல் அரைப்பதென்றால் கிரைண்டரைத் துவாயால் சுற்றி, அதற்கு மேல் ஒரு தலையணையையும் வைத்து, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டுதான் அரைப்பேன். இத்தனைக்கும் ஒருவரும் எங்களை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முறைப்பாடு சொல்வதென்றால் நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். குழாய் பொருத்தும் வேலை செய்கிறாள். இரண்டு கையிலும் தோள்வரை பச்சை குத்தியிருக்கிறாள். அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த மஸ்டாங் கார் ஒன்றை வெறும் துருப்பிடித்த கூடாக வாங்கி வந்து, ஒவ்வொரு பனிக்காலமும் கராஜில் அதற்குக் கீழேயே படுத்துக்கிடப்பாள். ஒருநாள் அதன் எஞ்சினை முதல்முறையாக ஸ்டார்ட் பண்ணினாள். எங்கள் குசினியில் கோப்பைகள் எல்லாம் கிடுகிடுத்தன. பூமி நடுங்குகிறது என்று நினைத்து என் கணவர் சாமி அறைக்கு ஓடினார். நான் கராஜுக்கு ஓடினேன்.

கரும்பச்சை நிறம். நீண்ட மூக்கு. மூக்கின் நடுவில் பாய்ந்தோடும் வெள்ளிக் குதிரை ஒன்று. கார் என்றால் அது நேரத்துக்குப் போக வேண்டும், ஹீட்டர் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு மேல் நான் யோசித்ததே கிடையாது. அன்றைக்கு வாய் பிளந்து நின்றேன். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையைத் துடைத்துவிட்டுத் தொடச் சொன்னாள்.

எல்லாம் சரியாகிவிட்ட நேரத்தில், ஈஸ்டர் விடுமுறைக்குப் பனிச்சறுக்கப் போனவள் இடது காலை உடைத்துக்கொண்டு வந்தாள். அதற்கு முன்பே அதே காலின் மேல் கியர்ப் பெட்டி விழுந்து ஒரு நகம் போயிருந்தது. பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்! பிளாஸ்டர் கழற்றிய பிறகும் கால் தேறவில்லை. அந்தக் காரின் கிளட்சோ ஆளின் முழுப் பலத்தையும் கேட்கும். ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோம் பக்கத்தில் அந்தக் கோடையின் முதல் ‘அம்கார்’ சந்திப்பு வந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கார்ப் பைத்தியங்கள் எல்லாம் தங்கள் கார்களோடு கூடும் நாள். அடுத்த கோடையில் கொண்டு வருகிறேன் என்று அவள் வருடக்கணக்காகச் சொல்லி வந்ததில், அவளுடைய காரை ஒரு கட்டுக்கதை என்றே நண்பர்கள் கேலி செய்யத் தொடங்கியிருந்தார்கள். கார் தயார். கால்தான் இல்லை.

ஊன்றுகோலோடு வந்து எங்கள் கதவைத் தட்டினாள். நீ ஓட்டுவாயா என்று என்னைக் கேட்டாள். உன் கார்ச் சிநேகிதர்கள் இருக்கிறார்களே என்றேன். அவர்களிடம் கொடுத்தால் முதல் சந்தியிலேயே டயரைச் சுழற்றிப் புகை கிளப்புவார்கள், உன் பஸ்ஸில் நான் வந்திருக்கிறேன், கையிலிருக்கும் கோப்பி சிந்தாமல் ஓட்டுகிறாய் என்றாள். பஸ் ஓட்டுகிறவளை இப்படி யாராவது பாராட்டினால் மனம் என்ன செய்யும்? ஓம் என்று சொல்லிவிட்டேன். கிளட்ச் மிதித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது என்பது அவள் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

என் கணவர் ஒரு நிபந்தனை போட்டார். "கோயிலிலை பூசை வைக்காமல் எந்த வாகனமும் றோட்டிலை இறங்கக்கூடாது."

"அது எங்கடை கார் இல்லையே, அப்பா" என்றேன்.

"ஓடப்போறது நீர்தானே? பிறகென்ன!"

அவளிடம் தயங்கித்தான் சொன்னேன். அவளுக்கோ ஒரே சந்தோசம். எங்கள் புதுக் காரின் சில்லில் பூசையில் நசுங்கிய தேசிக்காய், அதாவது எலுமிச்சை, ஒட்டியிருந்ததை முன்பே பார்த்து, என்னவென்று விசாரித்து வைத்திருந்தாள். காலைத் தூக்கிக் காட்டி, எனக்கு அந்தத் தேசிக்காய் கட்டாயம் வேண்டும் என்றாள்.

அப்படியாக, அந்த வெள்ளிக்கிழமை மாலை முதலில் கோயில், பிறகு லில்லெஸ்ட்ரோம் என்று முடிவாயிற்று. கோயில்வரை காரைப் பாரம் தூக்கும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். அங்கிருந்துதான் என் சவாரி. சாமியைப் பார்த்தபடி காரை நிறுத்தினோம். அதைச் சுற்றிச் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. ஐயர் வெளியே வந்து மூக்கிலிருந்த குதிரையைக் குனிந்து பார்த்தார்.

"குதிரை வாகனம் எங்களிட்டை ஏற்கெனவே ஒண்டு இருக்கு" என்றார்.

கற்பூரம் காட்டினார். சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு பொனட்டை நோக்கி வந்தபோது, வருடக்கணக்காக அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். ஐயர் விவரமானவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு குதிரையின் நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தார். பிறகு நாலு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காயாக வைத்துவிட்டு, மெல்லமாக முன்னுக்கு எடுக்கச் சொன்னார்.

பக்கத்து ஆசனத்தில் அவள். காருக்கு வெளியே, பின்சில்லுக்கு நேர் பின்னால், பட்டு வேட்டியோடு, கோயிலும் காரும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார் என் கணவர். "எடும், எடும், பயப்பிடாமல் எடும்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எடுத்தேன். பஸ்ஸின் அக்சிலேட்டரை மிதித்துப் பழகிய வலது கால் தன் பாட்டில் மிதித்தது. இடது கால் பயத்தில் கிளட்சிலிருந்து குதித்து எழுந்தது. முன்சில்லு இரண்டும் பேசாமல் நிற்க, பின்சில்லு இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. அந்த உறுமலில் நிறுத்தியிருந்த கார்களில் ஒன்றின் அலாரம் அலறத் தொடங்கியது. ரப்பர் எரிந்த மணம் சாம்பிராணியை அமுக்கியது. வலது பக்கத் தேசிக்காய் அங்கேயே கூழாயிற்று. இடது பக்கத்தது பின்னால் பறந்துபோய் என் கணவரின் வயிற்றில் மோதிற்று. அடுத்த கணம் கார் முன்னால் பாய்ந்தது. நான் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். எஞ்சின் நின்றது. குதிரையின் மூக்குக்கும் கோயில் சுவருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

அவளுடைய இத்தனை பனிக்கால உழைப்பையும் ஒரு நொடியில் சுவரில் அடித்திருப்பேனே! காரை ஸ்டார்ட் பண்ணும் திறப்பைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன். மன்னித்துக்கொள், என்னால் முடியாது, வீட்டுக்குத் திருப்பி ஏற்றிப் போவோம் என்றேன். கண்ணீர் வந்துவிட்டது.

அவளுக்கும் கண்ணீர். ஆனால் அது சிரித்துச் சிரித்து வந்தது. என் சிநேகிதர்களிடம் கொடுத்திருந்தால் சந்தி வரைக்குமாவது பொறுத்திருப்பார்கள் என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திறப்பை என் கையில் திருப்பி வைத்தாள். இது சத்தம் போட வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் பாடுபட்டேன், சத்தத்துக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்காதே என்றாள்.

கோயில் வாகனத் தரிப்பிடத்திலேயே பாடம் தொடங்கியது. ஊன்றுகோலால் என் இடது முழங்காலைத் தொட்டு, மெதுவாக, இன்னும் மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கார் முக்கியது, குலுங்கியது, நின்றது. கடலையும் அவலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருமுறை குலுங்காமல் புறப்பட்டதும் கை தட்டினார்கள். ஐயரும் தட்டினார். என் கணவர் மட்டும், வேட்டியில் டயரின் கறுப்புக் கோடும் தேசிக்காய் விதையுமாக, தூரத்துத் தூணுக்குப் பின்னால் நின்றார்.

பெருந்தெருவில் ஏறியபோதுதான் அந்தக் கார் யாரென்று எனக்கு விளங்கியது. பஸ்ஸில் ஒரு திரை எனக்கு எல்லாவற்றையும் சொல்லும். இதிலே எஞ்சின் முதுகெலும்பு வழியாகச் சொல்லியது. ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலித்தது. பெற்றோல் மணத்தது. காலை ஒரு துளி அழுத்தினால், உறங்கிய யானை விழித்ததுபோல அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் எழும். எனக்குப் பயம் போய் வெறும் ஆனந்தமாக இருந்தது. பாட்டுப் பாட வேண்டும்போல இருந்தது, பாடினேன், எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

இன்னொரு அதிசயம். காலை வணக்கம் சொன்னாலே சப்பாத்தைக் குனிந்து பார்க்கிற ஒஸ்லோ ஆட்கள் தெருவோரம் நின்று கை காட்டினார்கள். பஸ் தரிப்பில் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். என் வேலையிடத்து பஸ் ஒன்று எதிரே வந்தது. ஓட்டியவர் என்னைக் கண்டு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் தன் தரிப்பையே தவறவிட்டார். திங்கட்கிழமை என்னிடம் முறையிட்டார்.

சந்திப்பில் அவள் காரிலிருந்து இறங்கியபோது, கேலி செய்த தாடிக்காரர்கள் எல்லாம் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் அவர்கள் நடுவில் நின்று அழுதாள். பிறகு ஒருவர் குதிரையின் பொட்டையும் டயரில் ஒட்டியிருந்த கூழையும் காட்டி என்னவென்று கேட்டார். அவள் விளக்கினாள். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் கோயில் வாசலில் மூன்று அமெரிக்கக் கார்கள் உறுமிக்கொண்டு நின்றன. என் கணவர் ஒரு பை நிறையத் தேசிக்காயோடு, பெரிய நிபுணர்போல எல்லோருக்கும் கட்டளையிட்டார், எந்தக் காருக்கும் பின்னால் போகாமல்.

நான் ஓட்டிய அந்த முதல் வெள்ளிக்கிழமை அவர் எடுத்த வீடியோவில் வானமும் ஒரு "ஐயோ"வும்தான் பதிவாகியிருந்தன. அதுவும் நாங்கள் வீடு வந்து சேருமுன்பே துரொண்ட்ஹெய்மில் இருக்கும் மச்சாள்வரை போய்விட்டது.

அதற்கு மறுநாள் சனிக்கிழமை. சம்பல் அரைக்கத் துவாயை எடுத்தவள், கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மடித்து வைத்துவிட்டு கிரைண்டரை அப்படியே போட்டேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அது வாய்விட்டுக் கத்தியது. சுவரில் டொக் டொக் என்று இரண்டு தட்டு கேட்டது. என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கதவைத் திறந்தால் ஊன்றுகோலும் ஒரு வெறும் தட்டுமாக அவள் நிற்கிறாள். இவ்வளவு சத்தம் போட்டு அங்கே என்ன செய்கிறீர்கள், எனக்கும் கொஞ்சம் தா என்றாள்.

இந்த நாட்டில் மற்றவர்கள் எங்களைச் சகித்துக்கொள்ள வேண்டுமென்றால் நாங்கள் இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் நான் துவாய் சுற்றியது கிரைண்டருக்கு மட்டுமில்லை என்பது, இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் பொத்தானை அமத்தும்போது எனக்கு நினைவுக்கு வருகிறது.