ஏரிக்கடியில் போய் வந்தவர்

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் முதியவர்களை அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது என் வேலை. காலையில் நான் போகும் வீடுகளில் ஒன்றில், எண்பதைத் தாண்டிய டேனிஷ் அம்மா ஒருவர் தனியாக இருந்தார். ஒருநாள் நான் காலுறை மாட்டிவிடும்போது, இளவயதில் சுவிற்சலாந்தில் நீர்மூழ்கிக் கப்பலில் போனதாகச் சொன்னார். போர்க்கப்பல் இல்லையாம், வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஏரிக்கடியில் போன கப்பலாம்.

கடலே இல்லாத நாட்டில் நீர்மூழ்கியா? எப்போதோ இறந்துபோன கணவரை முந்தின வாரம்தான் கோப்பி குடிக்கக் கூப்பிட்டிருந்தார். அதனால் அவரைப் பற்றிய அன்றைய குறிப்பில், "குழப்பம் கூடியிருக்கிறது" என்று எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சூரிச்சில் இருக்கும் தங்கையோடு கதைக்கும்போது இதைச் சிரித்துக்கொண்டு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, அது உண்மைதான். இஞ்ச சுவிஸில ஒரு மியூசியத்துக்கு வெளியில நிக்குது. பிள்ளையளோட போய்ப் பாத்தனான்."

"நீர்மூழ்கியோ?"

"ஓம். ஒரு பெரிய கண்காட்சிக்கெண்டு செய்தது. சனத்தை ஏத்திக்கொண்டு ஏரிக்குள்ள போய் வந்ததாம். பேந்து வித்துப்போட்டினம். வெளிநாட்டில கடலடியில தேடுற வேலைக்கு வச்சிருந்தவை. கனகாலம் கறள் பிடிச்சுக் கிடந்ததைத்தான் கொண்டுவந்து திருத்தினவை."

படமும் அனுப்பினாள். நீளமான இரும்பு உடல், பக்கத்தில் வட்ட ஜன்னல்கள் வரிசையாக. எனக்கு முகம் சுட்டது. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் குறிப்பைத் திருத்தினேன்.

பிறகு அவர் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டி, நம்பாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"ஆளுக்கொரு ஜன்னல் இருந்தது," என்றார்.

"ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிந்தது?"

"ஒன்றுமில்லை. தண்ணீர் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. ஒரு மீன்கூட வரவில்லை."

கண்காட்சி நடந்த அந்தக் கோடையில் அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தாராம். கப்பலின் கதவைப் பூட்டியதும் மூச்சு முட்டுவதுபோல இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பெண் இவருடைய கையைப் பிடித்தவள், மேலே வரும்வரை விடவே இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை.

"அவளுக்கும் பயமோ?" என்று கேட்டேன்.

"என்னைவிட அதிகம். கை முழுக்க வியர்வை," என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று அடுத்த வீட்டுக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் போனேன்.