வென்ட் சாரின் சட்டம்

டியூஷன் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'வென்ட் சார்'. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, நாலைந்து பெஞ்சு, ஒரு கரும்பலகை. அங்கே கணக்கில் தப்பு விட்டால் மன்னிப்பு உண்டு. 'கோ' என்ற இங்கிலீஷ் சொல்லில் தப்பு விட்டால் கன்னம் பழுத்துவிடும்.

ஒரு சின்னச் சொல்லின் மேல் அப்படி என்ன வன்மம்? வாலிப வயதில் ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனவர், "ஐ டிட் நாட் வென்ட்" என்று சொல்லித் தொலைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை போனது; அந்தச் சிரிப்பு மட்டும் போகவே இல்லை. அவர்களை அடிக்க முடியாத கையால் ஊரார் பெற்ற பிள்ளைகளை அடித்தார் மனிதர்.

"தனியா வந்தா வென்ட். முன்னால டிட் வந்தா மறுபடியும் கோ. ஹேட் வந்தா கான். இதுல என்னடா கஷ்டம்?" என்பார். கேட்ட கையோடு அடியும் விழும்.

அப்புறம் கை வலிக்கிறதென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். தப்பாகச் சொன்னவரைச் சரியாகச் சொன்னவர் அறைய வேண்டும். பாவம் பார்த்து மெதுவாகத் தட்டினால், எப்படி அறைவதென்று தட்டியவர் கன்னத்திலேயே செய்து காட்டுவார். நல்ல சட்டம், போங்கள்.

எப்போதும் சரியாகச் சொல்வது அவர் மகள்தான். ஆகவே எல்லார் கன்னத்திலும் அவள் கைதான் விழுந்தது. வாங்கிய பிள்ளைகள் அவளைப் படிக்கட்டில் மடக்கி, சடையைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். கிழிந்த உதட்டோடு வந்தவளிடம் என்னவென்று கேட்டார். "விழுந்துட்டேன்பா" என்றாள். நம்பிவிட்டார், நம்புவது வசதியாக இருந்தது.

ஒரு நாள் தையல்காரியின் மகளை எழுப்பினார். மகளின் உயிர்த்தோழி அவள். படிக்கட்டில் இவளுக்காக அடிவாங்கியவளும் அவள் ஒருத்திதான்.

"'அவன் நேத்து போகல'. இங்கிலீஷ்ல சொல்லு."

"ஹி டிட் நாட் வென்ட்."

அதே தப்பு. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார்.

மகள் தோழியின் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஹி டிட் நாட் வென்ட்" என்றாள்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்கிறவள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று புரிந்ததும் அவருக்குத் தலைக்கேறிவிட்டது. பின்பெஞ்சில் லாரிக்காரர் மகன் சரியாகச் சொன்னான்.

"ரெண்டு பேரையும் அடி. என் பொண்ணுன்னு பாக்காத."

அவள் கையால் அவன் வாங்கியது கொஞ்சமா நஞ்சமா? தோழிக்குச் சாதாரணமாக ஒன்று விட்டான். மகளுக்கு, கையைப் பின்னுக்கு ஓங்கி, காதோடு சேர்த்து அறைந்தான். பெஞ்சு முனையில் தலை மோதி விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

"நடிக்காத, எழுந்திரு" என்றார் வென்ட் சார்.

இடது காதில் சவ்வு கிழிந்து உள்ளேயும் அடிபட்டிருக்கிறது, இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொன்னார். "அந்தப் பயலைச் சும்மா விடமாட்டேன்" என்று வாத்தியார் குதித்தார்.

"கைதான் அவனுது. அடின்னு சொன்ன வாய் யாருது?" என்றாள் மனைவி. அவர் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து, ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கமும் இல்லாமல் அழுதார்.

மகள் தேறி மாடிக்கு வந்த அன்று மழை. தகரம் சடசடத்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லாமல், அவளுக்கு இடப்பக்கம் நின்று, கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னார்: "இனிமே இங்க யாரும் யாரையும் அடிக்கக் கூடாது." பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லி முடித்ததும் அவருக்கு மனசு லேசானது.

அந்தத் துணிச்சலில் பழைய கேள்வியையே தோழியிடம் கேட்டார். அவள் பயத்தில் மறுபடியும் வென்ட் என்றாள். "நீ சொல்லும்மா" என்று மகளிடம் வந்தார். மகள் அவர் உதட்டையே கவனித்துவிட்டு, "ஹி டிட் நாட் கோ" என்றாள்.

சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் எழுந்து போய், உடம்பின் பலத்தையெல்லாம் சேர்த்துத் தோழியை அறைந்துவிட்டாள். தோழியின் மூக்கிலிருந்து ரத்தம் பாவாடையில் சொட்டியது. மகள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"பலமாத்தான் அடிச்சேன்பா" என்றாள்.

தோழி பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனாள். வாத்தியார் மகளின் வலப்பக்கம் வந்து மண்டியிட்டு, நல்ல காதில் சொன்னார்: "இனிமே அடிக்கக் கூடாதுன்னு சொன்னேனேம்மா."

"எப்பப்பா சொன்னீங்க?" என்று கேட்டாள்.