நின்றபடியே ஓர் இன்டர்வியூ

பொறுமையைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் சுருக்கென்று கோபம் வரும். பேசுகிறவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் கோபம் இரட்டிப்பாகும். ‘பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார்’ என்று எடுத்து விடுவார்கள். நான் பிறந்தது ஜவ்வாது மலையில். நாங்கள் பிறக்கும்போதே காட்டில்தான் இருக்கிறோம். பொங்கினால் எங்களுக்கு என்ன நஷ்டம்?

ஆனாலும் என்னை நிற்க வைத்ததில் பொறுமைக்குப் பங்கு உண்டு. அதை மறைத்தால் நன்றி கெட்டவள் ஆவேன். யாருடைய பொறுமை, யார் யாருக்குச் சொன்ன பொறுமை என்று பிரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் அப்போது ஐந்தாவது வரைதான். அதற்கு மேல் படிக்க அடிவாரத்துக்கு இறங்கி, விடுதியில் தங்க வேண்டும். எழுபதுகளின் நடுவில் நான் அப்படி இறங்கினேன். விடுதி வார்டன் அம்மா கல்லூரியில் தத்துவம் படித்தவர். காலையில் பிரேயர் முடிந்ததும் எங்களை வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு, தான் வேப்பமர நிழலில் நின்றபடி ஸ்டோயிக் தத்துவம் சொல்லுவார். ஸ்டோயிக் என்பவர்கள் ஆதி காலத்தில் கிரேக்க நாட்டிலும் ரோமாபுரியிலும் இருந்த ஞானிகளாம். உலகத்தில் இருப்பதெல்லாம் இரண்டே வகையாம்: நம் வசம் உள்ளது, நம் வசம் இல்லாதது. மழை, காய்ச்சல், அடுத்தவன் பேச்சு எதுவும் நம் வசம் இல்லை. அவற்றை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது மட்டும்தான் நம் வசம். இதைப் பிடித்துக்கொண்டவனை யாராலும் அசைக்க முடியாது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. சாமைக் கொல்லையில் பன்றி புகுந்து பாழாக்கிய மறுநாள், ஒரு வார்த்தை பேசாமல் மிச்சக் கதிரை அறுக்கப் போகிற அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். அவர் செய்ததற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் இந்தத் தத்துவம் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கூடவே வந்தது. சோற்றில் வண்டு கிடக்கும். முகம் சுளித்தால், “வண்டு உன் வசம் இல்லை. அருவருப்பு உன் வசம். அதை விட்டுடு” என்பார். கூரை ஒழுகும். “மழை உன் வசம் இல்லை.” ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, “அரிசி வாங்கறது உங்க வசம்தானேங்கம்மா?” என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்த மாதம் முழுக்கப் பெரிய அண்டாக்களைத் துலக்குவது என் வேலை ஆயிற்று. அதையும் எப்படி எடுத்துக்கொள்வது என்பது என் வசம் என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவருக்குச் சோறு வீட்டிலிருந்து கேரியரில் வந்தது.

பத்தாவது முடித்து ஊருக்கு வந்தேன். எங்கள் ஊரில் பத்தாவது தேறிய முதல் பெண் நான்தான். கிராம நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தேன். ஆடி மாதம் வேலூரில் இன்டர்வியூ என்று கார்டு வந்தது. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நாட்களின் நடுவில் அந்தத் தேதி விழுந்திருந்தது.

காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர் எல்லையை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கு ஆகாது. மழை பொய்த்தாலும், மாடு செத்தாலும் தாண்டினவர் தலையில்தான் விழும். வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா, “அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா. இது நம்ம கையிலயா கீது?” என்றார்.

விடுதியில் கேட்ட அதே பாட்டு. அப்பாவின் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அடுத்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படித்த படிப்பெல்லாம் அன்றைக்கே குழியில் போகும். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, வார்டன் அம்மா சொன்னதை நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தேதி என் வசம் இல்லை. காப்பும் என் வசம் இல்லை. சரி, என் வசம் இருப்பது என்ன? அந்தக் கேள்வியை எங்களுக்கு யாரும் கேட்கக் கற்றுக்கொடுத்ததில்லை. இல்லாததை மட்டும்தான் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள்.

யோசித்தபோதுதான் பூ ஞாபகம் வந்தது. காப்பு நாட்களில் அம்மன் காரியமாக மட்டும் கீழே இறங்கலாம். அம்மனுக்கு மாலை வாங்கிவர, நடுவில் ஏதாவது ஒருநாள் ஓர் ஆண் போவது வழக்கம். போகிறவர் வெளியூர் மண்ணில் எங்கும் உட்காரக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். போன வருஷம் போனவர் ஒடுகத்தூர் சாராயக் கடையில் நேரம் போக்கிவிட்டு, வாடிப்போன மாலையோடு தள்ளாடி வந்தார். அவர் உட்காராமலா அவ்வளவு குடித்தார்? யாராவது கேட்டார்களா? ஆண்பிள்ளை ஆயிற்றே.

இந்த வருஷம் பூவுக்கு நான் போகிறேன் என்று ஊர்க் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். நாட்டார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர்தான் ஊருக்குப் பெரியவர்.

“பொம்பள போற வழக்கம் இல்ல.”

“போகக் கூடாதுன்னு வழக்கம் கீதாங்க?”

“எதிர்த்துப் பேசறா பாரு. இன்னாத்துக்கு நீ போவணும்?”

“வேலூர்ல எனக்கு ஒரு வேல கீது. மறைக்கலைங்க. எங்கப்பாவும் கூட வர்றாரு. போன வருசம் மாதிரி வாடுன பூவு வராது.”

போன வருஷம் போனவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நாட்டார் வெற்றிலையைத் துப்பினார். “குந்தக் கூடாது. தண்ணி வாயில படக் கூடாது. அம்மன் பாத்துக்கினு இருப்பா” என்றார். அப்பாவை அவர் கேட்கவே இல்லை. அப்பாவும் மறுக்கவில்லை.

இருட்டோடு இருட்டாக இறங்கினோம். ஒடுகத்தூரில் பஸ் ஏறினோம். பஸ் பாதி காலி. கண்டக்டர், “சீட்டு இவ்ளோ காலியா கீது, குந்தும்மா. நீயும் குந்துயா பெரியவரே. காசு குடுத்துட்டு எதுக்கு நிக்கறீங்க?” என்றார். அப்பா சிரித்து மழுப்பினார். வேலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றோம்.

இன்டர்வியூ நடந்த அலுவலகத்துக்குப் பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த டிபனைப் பிரித்துச் சாப்பிட்டார்கள், டீ வாங்கிக் குடித்தார்கள். நான் சுவரோரமாக நின்றேன். சுவரில் சாய்ந்தால் உட்கார்ந்த கணக்கா என்று சந்தேகம் வந்ததால் சாயவும் இல்லை. வெயில் ஏற ஏறத் தொண்டை வறண்டது. கணுக்கால் விண்விண் என்று தெறித்தது. அப்பாவுக்கே மனசு கேட்கவில்லை. கிட்டே வந்து, “குந்தும்மா. இங்க யாரு பாக்கப் போறாங்க?” என்றார்.

மாட்டேன் என்று தலையாட்டினேன். பக்தியா என்று கேட்டால் பாதிதான். வலி என் வசம் இல்லை. கூப்பிடுகிற நேரம் என் வசம் இல்லை. கொடுத்த வாக்கு ஒன்றுதான் அன்றைக்கு முழுக்க என் வசம் இருந்தது. அதை விட்டுவிட்டால் என்னிடம் வேறு எதுவும் இருந்திருக்காது. வார்டன் அம்மாவின் ஞானிகள் சொன்னது அந்தச் சுவரோரத்தில்தான் எனக்கு நிஜமாகப் புரிந்தது. கூடவே கோபமும் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பெறப்போகிற வேலையை, நான் மட்டும் ஏன் ஞானியாகித்தான் வாங்க வேண்டும்?

மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரியும், டாக்டர் அம்மா ஒருவரும் இருந்தார்கள்.

“உட்காரும்மா” என்றார் அதிகாரி.

“வேணாங்கய்யா.”

“பயப்படாத, உட்காரு.”

“பயம் இல்லைங்கய்யா. குந்தக் கூடாது.”

காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. பேனாவை மூடி வைத்தார். “பாத்தீங்களா டாக்டர்? இந்த மலைக்காரங்களே இப்படித்தான். எல்லாத்தையும் தாங்கிக்குவாங்க, மாற மட்டும் மாட்டாங்க. இவ்வளவு மூடநம்பிக்கையை வெச்சுக்கிட்டு நர்ஸ் வேலைக்கு வந்து என்னம்மா பண்ணப் போற?”

தாங்கிக்கொள்வது ஏதோ எங்களுக்குப் பிறவியில் வந்த குணம்போலப் பேசினார். எங்கள் ஊருக்கு ரோடு போடாதவர்கள், ஆஸ்பத்திரி கட்டாதவர்கள், தாங்கிக்கொள்வதற்கு எங்களைப் பாராட்ட மட்டும் வந்துவிடுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

“ஐயா, விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து நின்னுக்கினு கீறேன். ஒரு வாய் தண்ணி குடிக்கலை. இன்னமும் நீங்க கேக்கறதுக்கு பதில் சொல்லிக்கினுதான் கீறேன். பிரசவம் பாக்கப் போற எடத்துல நர்ஸுக்கு நாற்காலியா போட்டு வெச்சிருப்பாங்க? இப்டி ஆளுதானேங்க உங்களுக்கு வேணும்?”

டாக்டர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வலி எடுத்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு அதிகமானால் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். டோலி கட்டித் தூக்கி வருவோம், வழியிலேயே பல பேர் போய்விடுவார்கள் என்று சொன்னேன். போனவர்களில் என் அத்தையும் உண்டு என்றும் சொன்னேன். அவர் அதிகாரியைக் கேட்காமலே, “அடுத்த மாசம் வந்து சேந்துடு” என்றார். அதிகாரி மூடி வைத்த பேனாவைத் திறந்து என் பெயரை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒடுகத்தூர் கடைத்தெருவில் கதம்பமும் சாமந்தி மாலையும் வாங்கி, ஈரத்துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். கடைசி ஏற்றத்தில் கால் என்னுடையதாகவே இல்லை. விளக்கு வைப்பதற்கு முன்னால் எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டோம்.

கோயில் முன்னால் ஊரே நின்றது. நாட்டார் துணியைப் பிரித்துப் பார்த்தார். ஓர் இதழ்கூட வாடவில்லை.

“எங்கியாச்சும் குந்துனியா?”

“இல்லைங்க.”

“தண்ணி?”

“இல்லைங்க.”

அப்பாவையும் கேட்டார். இருவர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மாலையை அம்மனுக்குச் சாத்தினார்கள். நாட்டாருக்கு ஏகத் திருப்தி. “பரவால்லியே, ஆம்பளைங்களவிட நல்லாத்தான் தாங்கற. இனிமே வருசா வருசம் பூவுக்கு நீயே போய்ட்டு வந்துடு” என்றார்.

நான் அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், மண்ணில் உட்கார்ந்தேன். அம்மா சொம்பில் நீட்டிய தண்ணீரை மூச்சு விடாமல் குடித்து முடித்தேன்.

“அடுத்த வருசம் வேற ஆள் பாத்துக்கோங்க” என்றேன். “நான் வேலைக்குப் போறேன்.”