ஹைட்ரஜன் கோடு பிளந்த சனிக்கிழமை

1. கல்யாண வீட்டுக்குப் போன ஐஸ்

பிரிக்பீல்ட்ஸ் ஐஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"கல்யாண வீட்டுக்காரங்க எல்லாத்தையும் லோரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க அண்ணே. இந்தத் துண்டுதான் கெடக்கு. வேணும்னா எடுத்துக்குங்க."

தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. கோணியில் மரத்தூள் போட்டுச் சுற்றிக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர்களை மனசுக்குள் திட்டியபடி லேபுக்கு நடந்தேன். வேறு எந்தச் சனிக்கிழமையாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

இன்றைக்கு ஏசி போட்ட லேபில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஐஸின் அருமை தெரியாது. எங்கள் காலத்தில் போட்டோ பிளேட் என்றால் கண்ணாடி மேல் ஜெலட்டின் பூச்சு. கோலாலம்பூர் வெயிலில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். அதில் பிளேட்டைக் கழுவினால் ஜெலட்டின் இளகி நகர்ந்துவிடும். ஆகவே டெவலப்பர் தட்டைச் சுற்றி ஐஸ் வைத்துத்தான் கழுவ வேண்டும். அந்த டார்க்ரூம் வேலைதான் என்னுடையது. கையில் எப்போதும் பிளேட் கழுவும் ஹைப்போ மருந்தின் நாற்றம். என் மனைவி சோற்றுத் தட்டைத் தள்ளித்தான் வைப்பாள்.

லேப் ஒரு வெள்ளீயக் கம்பெனியுடையது. சுரங்கத்திலிருந்து வரும் ஈயத்தில் இரும்பு, செம்பு கலந்திருக்கிறதா என்று சோதிப்போம். சாம்பிளை மின்பொறியில் எரித்து, அந்த வெளிச்சத்தை ஸ்பெக்ட்ரோகிராப் என்ற கருவிக்குள் விட்டால், பிரிசம் அதைக் கோடு கோடாகப் பிரித்துப் பிளேட்டில் விழச் செய்யும். ஒவ்வொரு உலோகத்துக்கும் அதன் கோடுகள் அதனதன் இடத்தில்தான் விழும், இடம் மாறாது. அதை நம்பித்தான் எங்கள் பிழைப்பு.

2. வைத்திலிங்கம் ஐயாவின் ஆசை

எங்கள் கெமிஸ்ட் வைத்திலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டின் பட்டன்களை ஒருநாளும் சரியாகப் போட்டதில்லை. அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வேறொருவர் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பேன்.

"தம்பி ராமையா, கோடு இடம் மாறாது எண்டு நாங்கள் சொல்லுறம். ஆனா வெளிச்சம் விடுற அணுவை நல்ல பலமான மின்புலத்துக்குள்ள வைச்சா, கோடு நகரும். ஒரு கோடு பல கோடாப் பிளக்கும். ஹைட்ரஜன்ல வடிவாத் தெரியுமாம். புத்தகத்தில படிச்சனான். ஒருக்கா எண்டாலும் பாத்துப்போட வேணும்."

"பார்த்து என்னங்கய்யா செய்யப் போறீங்க?"

"ஒண்டும் செய்யமாட்டன். பாப்பன்."

இதற்காகவே அவர் ஒல்லியான கண்ணாடி டியூப்களைத் தாமே ஊதிச் செய்வார். துத்தநாகத்தில் ஆசிட் ஊற்றி ஹைட்ரஜன் எடுத்து, பம்ப் வைத்து டியூபில் கொஞ்சமே கொஞ்சம் விட்டு, மின்சாரக் காயிலிலிருந்து ஹை வோல்டேஜ் கொடுப்பார். டியூபுக்குள் எதிர்மின் தகட்டை ஒட்டிய இடத்தில்தான் மின்புலம் கடுமையாக இருக்கும். அந்த இடத்து வெளிச்சத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் டியூப் ஒவ்வொன்றாக வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் வருத்தப்பட்டார். கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளியவன் நான்.

அப்புறம் ஈய விலை விழுந்தது. சுரங்கங்கள் மூடின. மேனேஜர் ஒருநாள் வந்து, "ஸ்பெக்ட்ரோகிராபை மண்டே பினாங்குக்கு அனுப்பறோம், பெட்டி கட்டிடுங்க" என்றார். ஐயா தலையை மட்டும் ஆட்டினார். மேனேஜர் போனபின் என்னிடம் வந்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் உமக்கு வேலை இருக்கே?"

"இல்லைங்கய்யா" என்றேன். மனைவியோடு கிள்ளானுக்குப் போவதாக இருந்தது. சொல்லவில்லை.

3. பொய் சொன்ன பிளேட்

கடைசி டியூப் அந்தச் சனிக்கிழமை வெடிக்கவில்லை. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, பிளேட்டை வைத்து, நெடுநேரம் வெளிச்சம் விழ விட்டோம். பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க இரும்பின் கோடுகளையும் பதித்தோம். பிறகு நான் டார்க்ரூமுக்குள் போனேன். தேங்காய் அளவு ஐஸ் அதற்குள் எலுமிச்சை அளவாகியிருந்தது.

பிளேட்டை வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஹைட்ரஜனின் நீலப்பச்சைக் கோடு ஒரு முனையில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

"ஐயா, கிடைச்சிருச்சு."

அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாக வாடியது.

"இரும்புக் கோட்டைப் பாரும்."

பார்த்தேன். இரும்புக் கோடுகளும் அதே முனையில் சாய்ந்து கிழிந்திருந்தன. இரும்பை நாங்கள் மின்புலத்தில் வைக்கவேயில்லை. ஜெலட்டின்தான் நகர்ந்திருக்கிறது.

அந்த இரும்புப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் பிளேட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். இன்னொரு பிளேட் இருந்தது, ஐஸ் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"பிளேட் எதுக்குங்கய்யா? டியூப்தான் இன்னும் எரியுதே. கண்ணாலயே பார்த்துருங்களேன்."

"எனக்குக் கண்ணில புரை, தம்பி. பளிச்செண்ட வெளிச்சத்தில ஏதோ சமாளிக்கிறன். இந்த மங்கல் வெளிச்சம் எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் பிளேட்டை நம்பினனான்."

இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் இது எனக்குத் தெரியாது.

"அப்ப நான் பார்த்துச் சொல்றேன் லா" என்றேன்.

4. சாட்சி

போகஸ் பார்க்கும் லென்ஸைப் பிளேட் இருந்த இடத்தில் மாட்டினோம். நான் கண்ணை வைத்தேன். முதலில் இருட்டு. பிறகு மெல்லிய நீலப்பச்சைக் கோடு.

"என்ன தெரியுது உமக்கு?"

"கீழ ஒரே கோடுதாங்கய்யா. மேல போகப் போக விரியுது, விசிறி மாதிரி. நடுவுல நெருக்கமா சில கோடு, ரெண்டு ஓரத்துலயும் தள்ளி சில கோடு."

நான் அவர் மனம் நோகக்கூடாது என்று கதை அளக்கிறேனோ என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கும். வந்திருந்தால் தப்பில்லை. சற்றுமுன் பிளேட்டே பொய் சொல்லியிருந்தது. அவர் டியூப் பக்கம் போய் ஏதோ செய்தார். இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

"இப்ப?"

"ஐயா, ஓரத்துக் கோடெல்லாம் போயிருச்சு. நடுவுல உள்ளது மட்டும் நிக்குது. கெட்டுப்போச்சா?"

டியூப் பக்கம் மறுபடி ஏதோ உரசும் சத்தம்.

"இப்ப?"

"இப்ப நடுவுல மங்கிருச்சு. ஓரத்துக் கோடு திரும்பி வந்திருச்சு."

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் இருந்தது ஒரு பித்தளைக் குழாய் என்று பிறகுதான் தெரிந்தது, உள்ளே படிகத் துண்டு பதித்தது. ஒளி அலைகளில் ஒரு திசையில் அதிர்வதை மட்டும் அது உள்ளே விடும். மின்புலத்தால் பிளந்த கோடுகளில் ஓரத்தில் இருப்பவை ஒரு திசையிலும் நடுவில் இருப்பவை குறுக்குத் திசையிலும் அதிருமாம். ஜெலட்டின் நகர்ந்தாலோ கண் ஏமாந்தாலோ அப்படி மாறி மாறி மறையாது. அவர் அந்தக் குழாயை டியூபுக்கு முன்னால் பிடித்து எனக்குச் சொல்லாமல் திருப்பியிருக்கிறார்.

"நீர் அந்தப் புத்தகத்தைப் படிச்சிருந்தா நான் நம்பியிருக்கமாட்டன், தம்பி" என்றார். "என்ன வரும் எண்டு உமக்குத் தெரியாது. அதாலதான் நம்புறன்."

பிற்காலத்தில் நான் சீனியராகி, எனக்குக் கீழே ஆட்கள் பிளேட் பார்த்தபோது, அதில் என்ன இருக்கும் என்று ஒருநாளும் முன்கூட்டிச் சொன்னதில்லை. என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்பேன். சிலர் என்னைச் சிடுமூஞ்சி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பார்க்கிறவன் கண்ணுக்குள் என் ஆசையைப் போட்டுவிட்டால், அப்புறம் அவன் பார்ப்பது என் ஆசையைத்தான்.

அன்றைக்கு நான் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கப் போனேன். ஐயா விடவில்லை.

"இன்னொருக்காச் சொல்லும். கீழ இருந்து மெல்லமாச் சொல்லும்."

சொன்னேன். எந்த இடத்தில் விரிய ஆரம்பிக்கிறது, எந்தக் கோடு பளிச்சென்று இருக்கிறது, எது சாம்பல் மாதிரி மங்கல், எல்லாம் சொன்னேன். தெரியாததைத் தெரியவில்லை என்றேன். டியூப் மங்கி அணையும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அணைந்த பிறகு ஜன்னல் துணியை விலக்கித் திரும்பிப் பார்த்தால், ஐயா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அந்த நாற்காலியில் இருந்தார்.

"ஜன்னலை மூடும் தம்பி" என்றார். "நான் இன்னும் பாத்து முடியேல்லை."