தேவகிக்கு நான் தோற்றுக் கொடுத்த இறுதிச்சுற்று

சென்ற வாரம் பெர்மாஸ் ஜெயாவில் என் கடைக்கு வந்த ஒருவர், வாங்கி மூன்றே நாளில் நின்றுபோன தண்ணீர் பம்பை மேசைமேல் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் குமரேசனின் செய்தி வந்தது: “நம்ம கேப்டன் தேவகி காலையில தவறிட்டாங்க.” கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். என் முகத்தைப் பார்த்து அந்த மனிதரே பயந்துபோய், “பரவால்லண்ணே, மெதுவா மாத்திக் குடுங்க லா” என்றார்.

பெக்கோக்கில் எங்கள் இடைநிலைப்பள்ளிச் சொற்போர் அணிக்குத் தேவகி தலைவி. குமரேசன் இரண்டாம் பேச்சாளர், நான் மூன்றாமவன். மூவரும் படிவம் ஐந்து, பதினேழு வயது. நான் சேர்ந்தது தமிழ்ப்பற்றால் அல்ல. போட்டி நாளில் பாடம் இல்லை, கோழிச்சோறு உண்டு.

தேவகியிடம் ஒரு சட்டம் இருந்தது. எதிரணி சொல்வதை அவர்களைவிட நன்றாக நாம் சொல்லிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் மறுக்கலாம். “அரைகுறையா சொல்லி அடிச்சா அது அடியே இல்லடா” என்பாள். பயிற்சியில் நான் எதிரணியைக் கேலி செய்தால், “அலமாக், மறுபடியும் மொதல்லேருந்து சொல்லு” என்று நிற்க வைத்துவிடுவாள். அந்தப் பருவத்தில் இந்த ஒரே சட்டத்தை வைத்து மூன்று பள்ளிகளை மண்ணைக் கவ்வ வைத்தோம்.

அடுத்தது சிகாமாட்டில் மாவட்ட இறுதிச்சுற்று. தோட்டத்தில் வேலை பார்த்த அவள் அப்பா, படித்தது போதும், ஃபேக்டரிக்குப் போ என்று சொல்லியிருந்தார். ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போனால் பல்கலைக்கழகத்துக்கு வழியான படிவம் ஆறு பற்றி யோசிக்கலாம் என்றும் அவரே சொல்லியிருந்தார். ஆக, அவள் படிப்பு எங்கள் வாயில் இருந்தது.

தலைப்பு: பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை மாணவர்களே நடத்த வேண்டும். நாங்கள் வெட்டிப் பேச வேண்டும். எனக்கு நான்கு நிமிடம். சட்டப்படி முதலில் அவர்கள் வாதத்தை எடுத்தேன். அங்கேதான் வினை. அந்த வயதிலேயே வகுப்பில் திருட்டுத்தனமாக வறுகடலை விற்றவன் நான். வியாபாரப் பேச்சு வந்ததும் என்னையே மறந்துவிட்டேன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை எங்கே அடுக்குவது, வரிசையை எப்படி இரண்டாகப் பிரிப்பது, மிஞ்சிய கறிபாப் பலகாரத்தை யார் தலையில் கட்டுவது என்று வெளுத்து வாங்கினேன். எதிரணியினர் குறிப்பெடுத்தார்கள். “ஆனால்” என்று வாயைத் திறந்தேன்; மணி அடித்துவிட்டது.

நடுவர் சொன்னார்: “இன்று ஒட்டிப் பேசியவர்களில் சிறந்தவர், வெட்டிப் பேச வந்த மூன்றாம் பேச்சாளர்.”

திரும்பும் வேனில் தேவகி முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். குமரேசன்தான், “மச்சான், அந்தக் கறிபாப்ப யார் தலையில கட்டணும்னு இன்னொரு தடவ சொல்லேன்” என்றான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே அவள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பொம்பளப் புள்ளைய தூரமா அனுப்ப ஒங்களுக்குப் பயம். தம்பிங்க மூணு பேரு இருக்கானுங்க. நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஒங்க முதுகு போயிரும். சரிதானேப்பா?”

“இதெல்லாம் நான் சொல்லவே இல்லயேம்மா.”

“நீங்க சொல்லல, அதான் நான் சொல்றேன். இப்ப ‘ஆனா’ன்னு ஆரம்பிக்கலாமா?”

அங்கே மணி அடிக்க ஆள் இல்லை. படிவம் ஆறுக்குப் போனாள். பிற்பாடு நில அலுவலகத்தில் அதிகாரியானாள். அன்று பேசி முடித்து வெளியே வந்து என்னைப் பார்த்தவள், “வா லா, தோத்தாங்குளி. நேத்து நீ பேசுனதக் கேட்டு எனக்கே கேன்டீன் நடத்தணும்போல இருந்துச்சு” என்றாள். மன்னிப்புக் கேட்க விடவே இல்லை.

சொற்போரால் பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கடைக்காரனாகச் சொல்கிறேன். பரிசாக வரும் கேடயத்தில் தூசிதான் படியும். அவள் சட்டம் மட்டும் என்னிடம் இருக்கிறது; அதை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைத்தேன். கத்திக்கொண்டு வருகிறவரின் குறையை அவரைவிட நன்றாக நானே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அங்கேயே அடங்கிவிடுவார்கள். மீதிப் பேருக்குப் பொருளை மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

தேவகியின் சாவு வீட்டில், “இழுத்துக்கிட்டு கெடக்காம போய்ட்டாங்க” என்றார் ஒருவர். சட்டப்படி அதை நான் இன்னும் நன்றாகச் சொன்னேன்: வலி தெரியவில்லை, பிள்ளைகள் நிலைத்துவிட்டார்கள், யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. பிறகு, “ஆனா...” என்றேன்.

குமரேசன் என் தோளைப் பிடித்தான். “சொல்லு மச்சான். இன்னிக்கு மணி இல்ல.”

எவ்வளவோ நேரம் இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் வரவில்லை.