சிவப்பு வரியில் ஒரு முதல் ஆர்டர்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் காலைப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். திருத்தங்கலை நெருங்கும்போது பட்டாசு ஆலை வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போகும். அந்தச் சத்தத்தில் விழித்து, அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்துவேன். நேற்று பாதியில் நின்ற ரிப்போர்ட்டை மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு முறை பதிவான கடைகளை ஒன்றாக்க வேண்டும். யூ.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டும். பேருந்திலிருந்து இறங்கும்போதே அரை நாள் வேலை பார்த்துவிட்ட களைப்பு இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. எம்.சி.ஏ. முடித்திருந்தேன். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். வீட்டில் என்னை அவ்வளவு தூரம் அனுப்பத் தயாராக இல்லை, அதனால் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் சேர்ந்தேன். முதலில் பில் போடும் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. முதலாளியின் மகன் மேல்படிப்பு முடித்து வந்து, ரிப்போர்ட் எடுக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கினார். அதன் பிறகு என் நாற்காலி அவருடைய அறைக்குப் பக்கத்தில் போடப்பட்டது. அவரை நாங்கள் சின்ன முதலாளி என்போம்.

மென்பொருளைச் சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். எதைக் கேட்டாலும், "இழுத்துப் போடுங்க மேடம், அவ்வளவுதான்" என்பார். ஊரை இழுத்துப் பக்கவாட்டில் போட்டால் ஊர்வாரியாக விற்பனை வரும். மாதத்தை இழுத்து மேலே போட்டால் மாதவாரியாகப் பிரியும். அவர் கொண்டுவந்த மாதிரித் தரவில் எல்லாம் அழகாக வந்தது. அவர் ரயிலேறிய பிறகு எங்கள் தரவை ஏற்றினேன். ஒரே மளிகைக் கடை ஆறேழு விதமான எழுத்துகளில் இருந்தது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் லாரி ஆபீஸ் பெயர் இருந்தது. அனுப்ப வேண்டிய தேதியைக் காலியாக விட்டு, குறிப்பில் 'மார்கழிக்கு முன்' என்று அடித்திருந்தார்கள். எதை இழுத்து எங்கே போட்டாலும் குப்பையே வந்தது. மாதக்கணக்கில் அதைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் போனால், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நான் அங்கே உண்மையில் கற்றுக்கொண்டது இந்தத் திருத்தும் வேலையைத்தான். வரைபடம் போடுவது கடைசி அரை மணி நேரத்து வேலை.

காலண்டர் தொழிலுக்கு வருடம் ஆடிப்பெருக்கில் பிறக்கிறது. வரப்போகும் ஆண்டின் டிசைன்களையெல்லாம் சேர்த்து ஆல்பமாகக் கட்டி, அன்றைக்குப் பூஜையில் வைத்து ஏஜென்ட்களுக்குக் கொடுப்பார்கள். ஏஜென்ட்கள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். ஆல்பம் கையில் இல்லாதவருக்கு அந்த வருடம் பிழைப்பு இல்லை.

சின்ன முதலாளி ஆல்பங்களின் எண்ணிக்கையைக் குறைக்க நினைத்தார். ஏஜென்ட்களை வரிசைப்படுத்தி, நன்றாக விற்பவருக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், மற்றவர்களுக்குச் சிவப்பு என்று ரிப்போர்ட் போடச் சொன்னார். சிவப்பில் வருபவர்களுக்கு ஆல்பம் கிடையாது.

ஓட்டிப் பார்த்தபோது கடைசி வரியில் மல்லாங்கிணறு வந்தது. எங்கள் தரவில் ஏஜென்ட்களுக்கு ஊர்தான் பெயர். அது ஒரு பெண்மணி. நாற்பதைத் தாண்டியவர், பேருந்திலேயே சுற்றி மல்லாங்கிணறு, காரியாபட்டிப் பக்கத்துக் கடைகளில் ஆர்டர் பிடிப்பவர். கணவர் பட்டாசு ஆலையில் கையில் தீக்காயம் பட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். வீடு இவர் பிடிக்கும் ஆர்டரில்தான் ஓடியது. இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய வரி சிவப்பானதற்கு முதல் காரணம் ரத்தான ஆர்டர்கள். வேறு எந்த ஏஜென்டுக்கும் அத்தனை ரத்து இல்லை. ஆர்டர்களை விரித்துப் பார்த்தேன். எல்லாம் ஆடிப்பெருக்கன்று போட்டவை, ஒவ்வொரு டிசைனுக்கும் ஒன்று. எந்தக் கடைக்கு என்பது எதிலும் இல்லை. கணக்கரிடம் போய்க் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா டிசைன் சும்மா கெடக்கலாமா? எல்லாத்துக்கும் அந்தம்மா பேர்ல ஒரு ஆர்டர் போட்டு வச்சிருவோம். நெச ஆர்டர் வந்ததும் எடுத்துருவோம். கைராசிக்காரம்மா. பெரிய முதலாளி வீட்டம்மா சொல்லி நடக்கிறது இது."

என்றோ ஒரு வருடம் அவர் எழுதிய ஆர்டரோடு சீசன் தொடங்கி, சரக்கு முழுவதும் விற்றுப் போனதாம். அன்றிலிருந்து முதல் ஆர்டர் அவர் கையால்தான். முன்பு ஆர்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். கணினி வந்த பிறகு மஞ்சள் பூசிய விரலால் என்டர் விசையை அழுத்துவார்.

அந்த ஆர்டர்களை மட்டும் விலக்கிவிட்டு ரிப்போர்ட்டை மறுபடி ஓட்டி, சின்ன முதலாளியிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, நான் செய்தது சரிதான் என்றார். பிறகு திரையைக் கீழே நகர்த்தினார். ரத்து முழுவதும் போன பிறகும் மல்லாங்கிணறு அதே இடத்தில் இருந்தது. உண்மையான ஆர்டர்கள் அவ்வளவு குறைவு.

"இப்ப டேட்டா சுத்தமா இருக்கு. ஆனாலும் சிவப்புதான்," என்றார்.

சொல்வதற்கு என்னிடம் சில இருந்தன. கணவருடைய கை. அந்தப் பக்கத்துக் கடைகள் எல்லாமே சிறியவை என்பது. பெரிய ஏஜென்ட்கள் அந்தச் சாலையில் இறங்குவதே இல்லை என்பது. எதற்கும் எங்கள் தரவில் ஒரு கட்டம் இல்லை. கடைசியைச் சொன்னேன், மற்றவற்றைச் சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, சிவப்பு வரிகளை ஏஜென்ட் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

ஆடிப்பெருக்கன்று பைண்டிங் கூடத்தில் ஆல்பங்களை அடுக்கிச் சந்தனம் வைத்திருந்தார்கள். என் மேசையையும் கணினியையும் அங்கேயே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நாங்களே அச்சடித்த தினக் காலண்டரைக் கிழித்து நல்ல நேரம் பார்த்தார் பெரிய முதலாளி. அதற்குள் கார் வந்து நின்றது. மல்லாங்கிணற்றுக்குக் கார் அனுப்பியிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்தது பெரிய முதலாளிக்குத் தெரியாது.

அந்த அம்மா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கணக்கர் அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"நீதான் கலர் போடுற பிள்ளையா?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு என்ன கலரு?"

"சிவப்பு."

"காலண்டர்ல சிவப்புன்னா லீவு. எனக்கு லீவு விட்டுட்டீக போல."

குரலில் கோபம் இல்லை. கிண்ணத்தில் மஞ்சளைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். முதல் டிசைனுக்கான ஆர்டரைத் திரையில் நிரப்பினேன். சூடம் ஏற்றினார்கள். அவர் விரலை வைத்து அழுத்தினார். ஏஜென்ட் நடப்பில் இல்லை என்று திரை சொன்னது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதையே சொன்னது.

பெரிய முதலாளி என்னவென்று கேட்டார். பட்டியலில் பெயர் இல்லாததால் ஆர்டரை ஏற்காது என்றேன். வேறு ஏஜென்ட் பெயரில் போடலாம், அந்தம்மா அழுத்தினால் போதும் என்று சின்ன முதலாளி முன்னால் வந்தார். அந்த அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேற ஆள் பேருக்கு என் கை எதுக்கு அண்ணாச்சி? அவுக கையையே கூப்பிட்டிருக்கலாம்ல. எம்புட்டுத் தொலவு காரை அனுப்பியிருக்கீக."

பெரிய முதலாளியின் மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் காலண்டரில் நல்ல நேரம் முடிவதைப் பார்த்தார்.

"ஏலே, பேரைச் சேரு," என்றார் மகனிடம்.

பெயர் சேர்க்கக் கடவுச்சொல் வேண்டும், அது சின்ன முதலாளியிடம் மட்டும் இருந்தது. என் தோளுக்கு மேலாகக் குனிந்து தட்டினார். அவசரத்தில் ஒரு முறை தவறாகப் போயிற்று. இரண்டாவது சூடம் ஏற்றினார்கள். அந்த அம்மா அழுத்தினார், ஆர்டர் ஏறியது. ஒவ்வொரு டிசைனுக்கும் நான் நிரப்ப, அவர் அழுத்தினார். விசையில் மஞ்சள் அப்பிப்போனது. எல்லாம் முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஆல்பம்," என்றார்.

குவியலில் மேலே இருந்ததை எடுத்துப் பெரிய முதலாளியே கொடுத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மஞ்சள் பைக்குள் திணித்தார். அது முழுதாக உள்ளே போகவில்லை. கொண்டுவந்த காரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அன்று அரை நாள் விடுமுறை. சின்ன முதலாளி என்னைப் பார்க்காமல் போய்விட்டார். பேருந்து நிலையத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். விருதுநகர் வரை இருவருக்கும் ஒரே பேருந்து, பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கடைகளின் பெயர்களை விரல் விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார், நாளைக்கு எது, மறுநாள் எது என்று. நானும் அப்படித்தான் நாளை அடுக்குவேன் என்று நினைத்துக்கொண்டேன். திருத்தங்கல் தாண்டியதும், மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது. அடுத்த வருடம் ஓட்டினாலும் அவர் பெயருக்குச் சிவப்புதான் வரும் என்றேன்.

"வரட்டும் தாயி. காரும் வரும்ல."

சொல்லிவிட்டு, ஆல்பத்தை மடியில் அணைத்தபடி முன் இருக்கைக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிப்போனார். நான் சற்று நேரம் அவருடைய மஞ்சள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசைப்பலகையைத் துடைக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. நாளைக்கு முதல் வேலை அது. கண்ணை மூடிக்கொண்டேன்.